ஆறு மணி நேரம்

இருநூற்றுப் பதினேழு படி இறங்கினால் தேன்கல் அருவி.
ஐஸ் பெட்டி என் இடுப்பில்.
டிரைவர் சவரிமுத்து மேலேயே நின்றுவிட்டார்,
முட்டிவலியாம். டீக்கடை பெஞ்சில் உட்கார மட்டும் முட்டி மடங்கும்.

படிவத்தில் முதல் கட்டம் வானிலை. மூட்டம் என்று எழுதினேன்.
மணம்: லேசான புளிப்பு.
மேலே எங்கோ காப்பிப்பழத்துக்குத் தோல் உரிக்கிறார்கள்.
கார்த்திகையில் ஏற்காடு முழுக்க
நேற்றைய மாவு பொங்கிய வாசனைதான்.
குளிப்போர் எண்ணிக்கை:
எண்ண எண்ணத் தலைகள் முங்கி வேறிடத்தில் எழுந்தன.
நாற்பத்து மூன்று. தோராயம்.

பாட்டிலின் தலையில் காக்கித்தாள் குல்லாய், சுற்றி நூல்.
அவிழ்க்கும்போது வாய்க்குள் விரல் படக் கூடாது,
என் மூச்சுகூட.
கவிழ்த்துப் பிடித்து முழங்கைவரை முக்கி
ஓட்டத்துக்கு எதிரே முகம் திருப்பினால்
தண்ணீர் தானே ஏறிக்கொள்ளும்.
பக்கத்தில் ஒரு பையன்
அதே தண்ணீரை வாய்நிறைய வாங்கித்
தங்கைமேல் பீய்ச்சினான்.
அவன் எடுத்த மாதிரி, நான் எடுத்த மாதிரி.
ஒரே நிமிடம், ஒரே இடம்.

“என்னக்கா, மீன் பிடிக்கிறீங்களா?”
ஜலகண்டாபுரத்திலிருந்து வேனில் வந்த கூட்டம்.
கேட்டவன் நகக்கண்ணில் கருநீலம்,
எந்த அருவிக்கும் போகாத சாயப்பட்டறை நீலம்.
விஷயத்தைச் சொன்னேன்.
ஒரு கை அள்ளி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
“கலரே இல்லியேக்கா. நல்ல தண்ணிதான்.”

தண்ணீரைப் பற்றி அவனுக்குத் தெரியாதா?
நாளெல்லாம் அதன் நிறத்தை மாற்றிச் சம்பளம் வாங்குகிறவன்.
நானும் ஒருவகையில் சாயக்காரிதான் தம்பி,
என் சாயம் ஏற இரண்டு மூன்று நாள் ஆகும்
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. ஆறு மணி நேரம் ஓட ஆரம்பித்திருந்தது.
அதற்குள் இது சேலம் சேர வேண்டும்.

இருபது கொண்டை ஊசி.
பெட்டிக்குள் பாட்டில்கள் குளிரில் பல் கிட்டின.
பதினோராவது வளைவில் ஒரு காரைக் குரங்குகள் சோதனை போட
பின்னால் நாங்கள் இருபது நிமிடம்.
அடிவாரம் வந்ததும் வெயில்.
அஸ்தம்பட்டி சிக்னலில் பெட்டிமேல் என் துப்பட்டாவைப் போர்த்தினேன்.

ஞாயிறென்றாலும் தில்ஷாத் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருந்தாள்.
பதினைந்து குழாய், எல்லாவற்றிலும் ஊதாக் குழம்பு.
மறுநாள் காலை பன்னிரண்டு மஞ்சளாகியிருந்தன.
அதிலிருந்து எடுத்து நாற்பத்து நாலரை டிகிரியில்
இன்னொரு நாள்.
உள்ளே தலைகீழாக நிற்கும் குட்டிக் குழாயின் உச்சியில்
மிளகளவு காற்று.
எதோ ஒரு வெதுவெதுப்பான வயிற்றை விட்டு வந்தது
அங்கே உட்கார்ந்து மூச்சு விடுகிறது.

புதன்கிழமை அறிக்கை:
“இந்நீர் குளிக்க உகந்ததல்ல.”
எந்நீர்?
ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் மலையை விட்டிறங்கி
எந்த வயலில் வற்றியதோ.
உகந்ததாக இருக்கவில்லை என்று மாற்றினேன்.
தில்ஷாத் அடித்துத் திருத்தினாள்.
படிவத்தில் நிகழ்காலம்தான் உண்டு.

வியாழன் அந்தக் கடிதம் மலையேறியது.
வெள்ளி ஒரு பலகை நட்டார்கள், சிவப்பு எழுத்து.
நல்ல உயரம். துண்டு காயப் போட வசதி.

வேனின் முதுகில் எழுதியிருந்த செல் நம்பர்
படிவத்தின் ஓரத்தில் கிடந்தது.
ஏன் குறித்தேன் என்று தெரியாது.
சனிக்கிழமை கூப்பிட்டேன்.
“தேன்கல் டிரிப்பா? எல்லாம் சௌக்கியமாத்தான் வந்தோம்.
ஒரு பொண்ணுக்கு மட்டும் ரெண்டு நாள் வயிறு சரியில்ல.
வழியில புரோட்டா சாப்பிட்டோம், அதான்.”

அருவியில் பீய்ச்சிய தண்ணீர்பட்டு
அந்தத் தங்கை வாயைத் திறந்து சிரித்தாளா, மூடிக்கொண்டாளா,
எவ்வளவு நினைத்தும் வரவில்லை.

“நாளைக்கும் அங்கதான் போறோம்” என்றார் அவர்.
“உங்களுக்கு எத்தனை சீட்டு வேணும்?”